நோட்டு பறிபோனது, கிளைகள் முளைத்தன

அரசாங்கத்துக்குப் பணம் கட்டப் போனால் காலங்காலமாக ஏன் ஸ்டேட் பாங்க் வாசலில்தான் நிற்கிறோம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கான விடை 1862 மார்ச் 1-ஆம் தேதியில் இருக்கிறது.

முன்கதை சுருக்கமாக: பின்னாளில் ஸ்டேட் பாங்காக மாறியவை மூன்று வங்கிகள். 1806-ல் கல்கத்தா வங்கி (1809-லிருந்து வங்காள வங்கி), 1840-ல் பம்பாய் வங்கி, 1843-ல் மெட்ராஸ் வங்கி. மூன்றும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் பிறந்தவை, மூலதனத்தில் ஒரு பகுதி மாகாண அரசுடையது.

சரி, கடன் கொடுக்க இவர்களுக்கு ஏது பணம்? டெபாசிட் பழக்கம் அன்று பெரிதாக வேரூன்றவில்லை. வங்கி தானே நோட்டு வெளியிட்டது. கொண்டுவந்து நீட்டினால் வெள்ளி ரூபாய் தருகிறோம் என்ற வாக்குறுதிதான் அந்த நோட்டு. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் வந்து நீட்டுவதில்லை, நோட்டு சந்தையில் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு பகுதி வெள்ளியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மீதியை வட்டிக்கு விடலாம். நோட்டை வைத்திருப்பவருக்கு வட்டி கிடையாது. அதாவது சட்டைப்பையில் நோட்டோடு நடக்கிற ஒவ்வொருவரும், தெரியாமலே, அந்த வங்கிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார்! இவ்வளவு எளிய ஏற்பாடு இவ்வளவு பெரிய சக்தியைத் தருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

1857-க்குப் பிறகு கம்பெனி போய் ராணி ஆட்சி வந்தது, கூடவே பெருங்கடனும். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் நிதி உறுப்பினராக வந்த ஜேம்ஸ் வில்சன் அரசே நோட்டு வெளியிடும் திட்டத்தை முன்வைத்தார். 1860-ல் இறந்துபோனார், சட்டம் 1861-ல் வந்தது. 1862 மார்ச் 1-லிருந்து நோட்டு வெளியிடும் உரிமை மூன்று வங்கிகளிடமிருந்தும் பறிபோனது. 4 கோடி ரூபாய் வரையிலான நோட்டுக்கு அரசுக் கடன் பத்திரமே ஈடாக இருக்கலாம், அதற்கு மேல் போனால் உலோகம் வேண்டும். அந்த வட்டியில்லாக் கடன் இப்போது அரசின் கைக்கு மாறிவிட்டது.

நோட்டை இழந்த வங்கிகளுக்கு அரசு ஒரு மாற்று தந்தது: நீங்கள் எங்கே கிளை திறந்தாலும் அந்த ஊர்க் கஜானாப் பணத்தை உங்களிடமே வைக்கிறோம். நிலவரி வந்து சேரும், சம்பளமும் செலவும் மெல்ல மெல்லப் போகும், இடையில் பணம் சும்மா கிடக்கும். அதே தந்திரம், வேறு பணம். 1839-ல் மிர்சாபூரில் நடந்த ஒரு முயற்சியைத் தவிர அதுவரை கிளையே இல்லாத வங்கிகள் இவை; 1876-க்குள் மெட்ராஸ் வங்கிக்கு மட்டும் 15 கிளைகள்! வணிகத்தோடு கஜானாவும் சேர்ந்துதான் அந்தக் கிளை வரைபடத்தை வரைந்தது. அந்தக் காலத்துக் கிளைப் பேரேடுகளையும் கஜானாக் கணக்குகளையும் ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வுகளுக்கு நம் பல்கலைக்கழகங்கள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும், காகிதம் அதுவரை காத்திருக்காது.

1921-ல் மூன்றும் இணைந்து இம்பீரியல் வங்கி ஆயின. 1935-ல் ரிசர்வ் வங்கி வந்து அரசுக் கணக்கை எடுத்துக்கொண்டது, ஆனால் தனக்கு அலுவலகம் இல்லாத ஊர்களில் இம்பீரியல் வங்கியையே முகவராக வைத்துக்கொண்டது. 1955 ஜூலை 1-ல் அது ஸ்டேட் பாங்க் ஆனபோது அந்தக் கிளைகளோடு கஜானா வேலையும் அப்படியே வந்து சேர்ந்தது.