நிஷாகந்திக்குப் பாலைவனம் தெரியாது

தோட்டக்கலை ஆலோசனைக்காகக் கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்து வீடுகளுக்குப் போகும்போது ஒரே புகாரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "கள்ளிதானே என்று நல்ல வெயிலில் வைத்தோம், தண்ணீரும் அதிகம் விடுவதில்லை. ஆனாலும் மஞ்சளடித்துப் போகிறதே?" மாடியேறிப் பார்த்தால், சிமெண்ட் தளத்தின் கொதிப்பில் ஒரு நிஷாகந்தி சுருண்டு கிடக்கும்.

இரவில் வெள்ளைப் பூ விரிக்கும் நிஷாகந்தி கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தாவரவியலில் அதன் பெயர் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம். ஆனால் அது பாலைவனத்தில் பிறந்த செடி அல்ல. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள காடுகளில், மரக்கிளை இடுக்கில் சேரும் இலைமக்கில் வேர்விட்டுத் தொற்றி வளர்வது. பழகியது மரநிழல், வேருக்குக் காற்று வேண்டும். கள்ளி என்றதும் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் இத்தனை செடிகள் சாகின்றன. எனவே, முதல் வேலை இனம் காண்பது.

தண்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இலை என்று நாம் நினைக்கும் அந்தத் தட்டையான பச்சைப் பகுதி உண்மையில் தண்டு. அதன் ஓரம் அலையலையாக வளைந்திருக்கும். ஒவ்வொரு வளைவின் பள்ளத்திலும் ஒரு சிறு புள்ளி தெரியும். ஏரியோல் என்பது இதுதான். முள்ளோ, பூவோ, புதுக்கிளையோ, கள்ளிக் குடும்பத்தில் எதுவானாலும் இந்தப் புள்ளியிலிருந்துதான் புறப்படும். பல கள்ளிகளில் இது பஞ்சு வைத்ததுபோல் துலக்கமாகவே தெரியும். நர்சரியில் குட்டிக் கள்ளியின் உச்சியில் வாடவே வாடாத வண்ணப் பூ இருந்தால் அடியைக் கவனியுங்கள். உலர்ந்த பூவைப் பசையால் ஒட்டி விற்பது பழைய வித்தை.

டிராகன் பழச் செடியின் பூவும் இரவில் விரியும், வெள்ளையாகவே இருக்கும். ஆனால் அதன் தண்டு மூன்று பட்டையாக, குட்டை முட்களோடு இருக்கும். நிஷாகந்தியில் முள் இல்லை. பிரம்ம கமலம் என்று சொல்லி இதை விற்பவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். உத்தராகண்டின் மாநில மலரான உண்மையான பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. இமயமலைக் குளிரில் வளர்வது, நம் ஊரில் பிழைக்காது.

ஆபத்தானது வேறொரு குழப்பம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை யூஃபோர்பியா இனங்கள். கள்ளிக் குடும்பமே அல்ல. ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகி, பார்வை மங்கலாம். சில உண்மையான கள்ளிகளிலும் பால் வரும் என்பதால், கிள்ளிப் பார்த்து இனம் காண முயல வேண்டாம். கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடக் கூடாது. இதைக் கிராமத்துப் பெரியவர்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மண். வயல் வண்டலையோ களிமண்ணையோ தொட்டியில் நிரப்பினால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது சேறாக இறுகி வேரை மூச்சடைக்க வைக்கும். தண்டின் அடி பழுப்பாகிக் கொழகொழவென்று ஆன பிறகு மருந்து தெளித்துப் பயனில்லை. மேலே நல்ல தண்டு இருந்தால் வெட்டி எடுத்துப் புதிதாக நடுவதே வழி. டெல்டாவில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. அங்கே கிடைக்கும் கருப்பு உமிக்கரியை வாங்குங்கள். வெந்து வெளுத்த சாம்பல் காரத்தன்மை உடையது, வேண்டாம். உமிக்கரி, கழுவிய தென்னை நார்க்கழிவு, செங்கல் சல்லி, நன்கு மக்கிய இலை எரு எல்லாம் கலந்தால் நீர் நிற்காத கலவை கிடைக்கும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் படும் கிழக்குத் திண்ணை நல்ல இடம். மழை மாதங்களில் தாழ்வாரத்துக்குள் தள்ளிவிடுங்கள். வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்பு நீர் விட்டால் தண்டின் ஓரம் கருகும். மழைநீரைச் சேமித்து விடுவது மேல்.

துண்டு நட்டால் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். கீழ்நோக்கித் தொங்கும் மொட்டு, பருத்து வருகையில் கழுத்தை வளைத்து முகத்தை மேலே தூக்கும். வெளிப்புற இளஞ்சிவப்பு இதழ்கள் நெகிழத் தொடங்கினால் அன்றிரவே விரியப் போகிறது என்று பொருள். மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள், உதிர்ந்துவிடலாம். இருட்டிய பின் மணத்தோடு விரிந்து நள்ளிரவில் முழுமையடைந்து, விடிவதற்குள் துவண்டுவிடும். அந்துப்பூச்சிகளைக் கூப்பிடும் பூ அது. பகலில் அதற்கு வேலை இல்லை.

பக்கத்து வீட்டில் துண்டு கேட்டால், முதிர்ந்த தட்டைத் தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயவிட்டுக் கொடுங்கள். வெட்டுவாய் உலராமல் நட்டால் அழுகும். அடிப்பக்கம் எது என்று ஒரு நூல் கட்டிவிட்டால், தலைகீழாக நடாமல் இருப்பார்கள். மழை ஓய்ந்த தை, மாசியே இதற்கு ஏற்ற காலம்.