திராட்சை டிஷ்யூ கல்ச்சர்: ப்ளீச்சைக் கூட்டினா கண்டாமினேஷன் போயிடாது

நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல மறுபடியும் அதே போட்டோ. கம்பம் பக்கம் சின்னதா டிஷ்யூ கல்ச்சர் லேப் (செடித்துண்டை பாட்டில்ல கிருமி இல்லாம வளர்த்து கன்னு ஆக்குற இடம்) போட்டிருக்கிற ஒரு தம்பி, பன்னீர் திராட்சை, 60 பாட்டில், மூணு வாரம் பளிச்னு இருந்துச்சாம், இப்ப தண்டு அடியில மோர் கலங்கின மாதிரி ஒரு வளையம். கண்டாமினேஷன், அதாவது கிருமி கலந்துடுச்சு. "அண்ணே, ப்ளீச்ல 20 நிமிஷம் போடட்டா?"ன்னு கேக்குறாரு. இந்த மாசம் இதைக் கேக்குற நாலாவது ஆள்.

வேணாம் சாமி! மூணு நாலு நாள்ல பஞ்சு மாதிரி பூஞ்சை வந்தா அது தோல்ல இருந்தோ உங்க கையில இருந்தோ வந்தது, அதுக்கு ப்ளீச் பத்தி பேசலாம். வாரக்கணக்குல கழிச்சு வெட்டின இடத்துல இருந்து கசியுதுன்னா பெரும்பாலும் அது தண்டுக்குள்ளயே குடியிருக்கிற பாக்டீரியா. ப்ளீச் தோலைத்தான் கழுவும், அது உள்ள போறதுக்குள்ள கணு வெந்து பழுப்பாயிடும். ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான், மீடியத்துல (செடித்துண்டு வளர்ற சத்துக்கூழ்) கலந்தா பாக்டீரியா அடங்கி உக்காரும், நீங்களும் சந்தோஷமா நாலு தடவை சப்கல்ச்சர் (வெட்டி புது பாட்டிலுக்கு மாத்துறது) பண்ணுவீங்க, மருந்தை நிறுத்தின அடுத்த ரவுண்டுல மொத்தமும் கலங்கும்.

தப்பு தாய்க்கொடியில. மழை பெஞ்ச மறுநாள் தோட்டத்துல வெட்டின குச்சியை நேரா லேபுக்குக் கொண்டு வராதீங்க. தொட்டியில, மழை படாத இடத்துல வளருங்க, தண்ணி வேருக்கு மட்டும், புதுசா வர்ற இளந்தண்டுல கணு எடுங்க. அரை மணி நேரம் குழாய்த்தண்ணி, 70 சதவீத ஆல்கஹால்ல 30 செகண்ட், 1 சதவீத ஹைப்போகுளோரைட்ல (ப்ளீச்சுல இருக்கிற சரக்கு) ரெண்டு சொட்டு ட்வீன் (சோப்பு மாதிரி ஒட்ட வைக்கிறது) விட்டு 10 நிமிஷம், ஸ்டெரைல் தண்ணியில மூணு அலசு, வெளுத்த நுனியை வெட்டிட்டு மீடியத்துல வைங்க. கத்தியை ஆல்கஹால்ல முக்கிட்டா ஆச்சுன்னு நினைக்காதீங்க, பேசில்லஸ்ங்கிற பாக்டீரியாவோட ஸ்போர் (கெட்டி ஓட்டுக்குள்ள தூங்குற வித்து) அதுல சாகாது, சூடு காட்டுங்க. (இதே வேலைக்கு மெர்குரிக் குளோரைடுங்கிற பாதரச விஷத்தை யூஸ் பண்றவங்க அதை சிங்க்ல ஊத்துறதையாவது நிறுத்துங்க, ப்ளீஸ்.)

ஒவ்வொரு சப்கல்ச்சர்லயும் தண்டோட அடித்துண்டை நியூட்ரியன்ட் அகார்ல (பாக்டீரியா இருந்தா வளர்ந்து காட்டுற கூழ்த்தட்டு) ஒரு கோடு இழுத்துப் பாருங்க. கோட்டுல ஏதாவது முளைச்சா அந்த லைனையே (அதே கணுவுல இருந்து வந்த எல்லா பாட்டிலையும்) தூக்கிப் போடுங்க.

இன்னொண்ணு, பாட்டில் தெளிவா இருக்குன்னு "வைரஸ் இல்லாத கன்னு"ன்னு போர்டு மாட்டாதீங்கய்யா. லீஃப்ரோல் வைரஸ் (திராட்சை இலையைச் சுருட்டுற நோய்) மீடியத்தைக் கலக்காது, செடியோட சேர்ந்து அழகா பெருகும். அதுக்கு அரை மில்லிமீட்டர் கொழுந்து நுனி எடுத்து வளர்த்து, பிசிஆர் (வைரஸோட மரபணுவைத் தேடுற டெஸ்ட்) பாத்துதான் சொல்லணும். வெறும் எண்ணிக்கைதான் வேணும்னா பன்னீர் குச்சி மண்ணுல நட்டாலே வேர் விடும், லேப் எதுக்கு?

தம்பிகிட்ட 60 பாட்டிலையும் லேமினார் (சுத்தமான காத்து வீசுற வேலை மேடை) பக்கமே கொண்டு போகாம ஆட்டோகிளேவ்ல (நீராவி அழுத்தத்துல கிருமியைக் கொல்ற குக்கர்), 121 டிகிரியில போடச் சொன்னேன். "நல்லா இருக்கிற 10 மட்டும் வச்சுக்கட்டா அண்ணே?"ன்னாரு. அந்த 10 பாட்டிலையும் டியூப் லைட் முன்னாடி தூக்கிப் பிடிச்சு போட்டோ அனுப்புங்கன்னேன். இன்னும் அனுப்பல.