தேவதையே இல்லாத தேவதைக் கதை

அக்கா தங்கச்சிகள், மந்திரம், பழைய கதை ஒன்றைப் புதுசாகச் சொல்வது. இளையோருக்கான இந்த வகை நாவல்கள் தமிழிலும் வருகின்றன, சந்தோஷம். ஆனால் பின்னட்டையைத் திருப்பினால் ‘தேவதைக் கதையின் மறுகூறல்’ என்று போட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கூட்டத்தில் பேசியவரும் மூச்சுக்கு மூச்சு தேவதைக் கதை, தேவதைக் கதை என்றார். பொறுத்தது போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூலச் சொல் ஃபேரி டேல். விதியைக் குறிக்கும் லத்தீன் ‘ஃபாட்டா’, பிரெஞ்சில் ‘ஃபே’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் ‘ஃபேரி’ ஆனது. 1697இல் மதாம் தோல்னுவா என்ற பிரெஞ்சு எழுத்தாளர் தன் கதைத் தொகுப்புக்கு ‘ஃபே’க்களின் கதைகள் என்று பெயர் வைத்தார், ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஜெர்மானியர்கள் ‘மேர்ஷன்’ என்பார்கள், வெறும் சின்னக் கதை. அதில் ஃபேரியும் இல்லை, தேவதையும் இல்லை.

கதைகளுக்குள்ளும் ஃபேரி அதிகம் வருவதில்லை. சிண்ட்ரெல்லாவை எடுங்கள். பிரெஞ்சுக்காரர் பெரோ சொன்னதில் ஃபேரி உண்டு. ஜெர்மானியரான கிரிம் சகோதரர்கள் சொன்னதில் அம்மாவின் கல்லறை மேல் வளர்ந்த மரமும் ஒரு பறவையும்தான் உடுப்பு கொடுக்கின்றன. பன்னிரண்டு இளவரசிகள் ராத்திரியெல்லாம் ஆடிச் செருப்பைத் தேய்க்கும் கதையில் தேவதையைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

சரி, பெயரில் என்ன என்று கேட்கலாம். மற்ற ஊரில் எப்படியோ, எங்கள் பக்கம் இந்தப் பெயர் காலியாக இல்லை. திருநெல்வேலிச் சீமையில் தேவதை என்றால் ஊர்த் தேவதை, காவல் தேவதை. இசக்கியம்மன், உச்சினிமாகாளி, முத்தாரம்மன். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் விடிய விடியப் பாடுவாரே, தேவதைக் கதை என்றால் அதுதான். நகைக்காகக் கொல்லப்பட்ட பெண் மறுபிறவி எடுத்து வந்து பழிதீர்க்கும் இசக்கி கதையைக் கேட்டவர்களுக்குத் தேவதை என்றதும் சிறகும் மினுக்குக் கோலும் ஞாபகம் வராது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆச்சியிடம் போய் “ஒரு தேவதைக் கதை சொல்லுங்க” என்று கேளுங்கள். “எந்தக் கோயிலு?” என்றுதான் கேட்பாள்.

சினிமாப் பாட்டு வேறு, அழகான பெண்ணையெல்லாம் தேவதை ஆக்கிவைத்திருக்கிறது. ஏஞ்சலுக்கும் அதையே போடுகிறார்கள். இங்கே கத்தோலிக்க வீடுகளில் சம்மனசு என்று தனிச்சொல்லே உண்டு. ஒரு சொல் எத்தனை சுமையைத்தான் தாங்கும்?

தனித்தமிழ் ஆர்வத்தில் ‘அணங்கு’ என்று எழுதலாமே என்பார்கள். எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் அணங்கு வருத்தும் தெய்வம். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று குறளில் மயங்கி நிற்பவன் குழந்தைக் கதை கேட்க வந்தவன் இல்லை.

என் ஓட்டு ‘மாயக் கதை’க்கு. மாய்தல் என்றால் மறைதல். அதிலிருந்து மாயம் வந்தது என்று ஒரு கட்சி, வடமொழி மாயாவிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. சங்கரன்கோவில், தனித்தமிழுக்காக வாதாடிய சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணரின் ஊர் என்பதால் இங்கே அந்தச் சண்டையில் சுருதி கொஞ்சம் ஏறியே இருக்கும். எதுவானாலும் சொல் தெளிவு. பேசும் கரடி, உறங்கும் இளவரசி, கண்ணுக்குத் தெரியாமல் போக ஒரு போர்வை எல்லாம் அதில் அடங்கும். யாரும் கோயிலைத் தேட மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இன்னொரு வழக்கும் இருக்கிறது. இந்த நாவல்களில் ‘சகோதரி சகோதரியைப் பார்த்தாள்’ என்று எழுதுகிறீர்களே, யார் மூத்தவள்? ஆங்கிலத்தில் சொல்லாமல் விடலாம், தமிழில் முடியாது. செருப்புத் தேய்ந்த அந்தக் கதையில் என்னவோ சரியில்லை என்று பயப்படுகிறவள் கடைக்குட்டி. அதட்டி அடக்குகிறவள் மூத்தவள். ரகசியத்தைக் கண்டுபிடித்த படைவீரன் கடைசியில் கல்யாணத்துக்குக் கேட்பதும் மூத்தவளைத்தான். எல்லாரையும் சகோதரி ஆக்கினால் கதையே கலங்கிப்போகும். அக்கா, தங்கச்சி என்று எழுத ஏன் இந்தக் கூச்சம்?

அப்புறம், நிஜமாகவே ஃபேரி வந்து நிற்கும் கதைகள் சில உண்டு. அங்கே ஃபேரி என்றே எழுதிவிட்டுப் போங்கள். பஸ்ஸையும் பேனாவையும் ஏற்ற மொழிக்கு இது ஒரு பாரம் இல்லை. கதையின் வகைக்கு மட்டும் பின்னட்டையில் மாயக் கதை என்று போடுங்கள்.