முட்டை ஓட்டுத் தூளும் நொண்டிய லாப்ரடாரும்

சென்ற மழைக்காலத்தில் ஐந்து மாத லாப்ரடார் ஒன்று என் கிளினிக் வாசற்படியில் ஏற மறுத்து உட்கார்ந்துவிட்டது. மூன்றே படிதான். தூக்கி வந்து தராசில் நிறுத்தினால் 26 கிலோ. அந்த வயதுக்கு ஐந்தாறு கிலோ அதிகம். வலது முன்னங்காலை மெல்ல முன்னுக்கு இழுத்துத் தோள்மூட்டை நீட்டியதும் முனகியபடி என் கையைத் தன் மூக்கால் தள்ளியது. எக்ஸ்ரேயில், தோள்மூட்டில் பொருந்தும் முன்னங்கால் மேலெலும்பின் உருண்டையான தலையில் பின்பக்கம் ஒரு சிறு பள்ளம். எலும்பாக மாறியிருக்க வேண்டிய குருத்தெலும்பு மாறாமல் தடித்து நின்றுவிட்டதன் அடையாளம் அது. ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ் என்போம்.

வளர்ப்பவர் ஓய்வுபெற்ற அதிகாரி. கணக்காகப் பேசுபவர். "விலை உயர்ந்த பப்பி உணவுதான் போடுகிறேன், டாக்டர். அதன் மேல் தினமும் இரண்டு ஸ்பூன் முட்டை ஓட்டுத் தூள், இரவில் கால்சியம் டானிக். எதிலும் குறை வைக்கவில்லை" என்றார். குறை வைக்காததுதான் வினையாகிவிட்டது என்று முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

இந்த நோய்க்குப் பரம்பரையும் ஒரு காரணம். பழியை முழுக்க உணவின் மேல் போட மாட்டேன். ஆனால் நம் கையில் இருப்பது உணவு மட்டுமே. லாப்ரடார் பிறக்கும்போது அரைக் கிலோகூட இருக்காது. ஒன்றேகால் வயதுக்குள் முப்பது கிலோவைத் தொடுகிறது. அந்த ஓட்டத்தில் எலும்பு ஈடுகொடுத்தாக வேண்டும். வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். குட்டியின் குடலுக்கு முதல் ஆறு மாதம் வரை அந்தக் கட்டுப்பாடு போதாது. கொடுப்பதில் பெரும்பகுதி உடம்பில் ஏறிவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியத்தை மூன்று மடங்காக்கிப் பார்த்தார்கள். எலும்பு உறுதிப்படவில்லை, குருத்தெலும்புக் கோளாறுதான் கூடியது.

அதிகாரியிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் போடும் உணவில் கால்சியம் 1.3 சதவீதம். நாளுக்கு 300 கிராம் என்று வைத்தால் 3.9 கிராம் கால்சியம் அதிலேயே வந்துவிடுகிறது. ஒரு ஸ்பூன் முட்டை ஓட்டுத் தூள் ஐந்து கிராம் இருக்கும். அதில் கால்சியம் ஏறக்குறைய இரண்டு கிராம். இரண்டு ஸ்பூன் என்றால் நான்கு கிராம். ஒரு நாள் கால்சியம் அப்படியே இரட்டிப்பு. டானிக்கை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"அப்படியானால் எந்த பிராண்ட் வாங்கட்டும்?" எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் பெயர் சொல்வதில்லை; பையைத் திருப்பிப் படிக்கச் சொல்கிறேன். முன்பக்கத்துப் படத்தில் எல்லா நாயும் அழகாகத்தான் இருக்கும்.

முதலில், பெரிய இனக் குட்டிகளுக்கானது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தபின் 25 கிலோவைத் தாண்டும் எந்தக் குட்டிக்கும் நான் அதைத்தான் சொல்வேன். நம் ராஜபாளையமும் இந்தக் கணக்கில் வரும். அமெரிக்காவில் தீவன விதிகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் வாசகம் சில பைகளில் இருக்கும். அதில், 70 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 32 கிலோவோ அதற்கு மேலோ வளரும் நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று இருந்தால் நல்லது. அந்த விதிப்படி ஈரப்பதம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 1.8ஐத் தாண்டக் கூடாது. பையில் அச்சிட்டிருப்பது ஈரப்பதத்தோடு சேர்ந்த அளவு. பத்து சதவீத ஈரப்பதம் என்றால் அச்சிட்ட எண்ணை 0.9 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 1.4 என்று போட்டிருந்தால் உண்மையில் 1.56. தாராளமாக வாங்கலாம். கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையவும் கூடாது, இரண்டு மடங்கை மீறவும் கூடாது. 'குறைந்தபட்சக் கால்சியம்' மட்டும் போட்டு உச்ச அளவைச் சொல்லாத பையும் உண்டு. நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லாதவர்களின் உணவை நான் வாங்க மாட்டேன்.

புரதம் அதிகமானால் கால் வளையும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். சில பழைய மருத்துவர்களும் சொல்வதுண்டு. கிரேட் டேன் குட்டிகளிடம் அதையும் சோதித்தாகிவிட்டது. புரதம் குற்றவாளி இல்லை. அந்தப் பயத்தில் இரண்டு மாதக் குட்டிக்கு வளர்ந்த நாயின் உணவைப் போடாதீர்கள்.

சரியான பையை வாங்கிவிட்டு, கிண்ணத்தை நிரப்பி நாள் முழுக்க வைத்துவிட்டால் பயனில்லை. கொழுகொழு குட்டியைப் பார்த்தால் நமக்கு மனம் நிறைகிறது. அதன் மூட்டுதான் பாரம் தாங்குகிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாக வளர்த்தார்கள். ஒன்று உண்டதைவிட 25 சதவீதம் குறைவாக அதன் ஜோடிக்கு, எட்டு வாரக் குட்டியிலிருந்து வாழ்நாள் முழுக்க. குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. இடுப்புமூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது.

அதனால் சமையலறைத் தராசில் கிராமாக நிறுத்துப் போடுங்கள். டம்ளர் அளவு ஆளுக்கு ஆள் மாறும். பையிலுள்ள அட்டவணையில் 'எடை' என்பது பல நேரங்களில் குட்டி வளர்ந்தபின் எட்டப்போகும் எடை. இன்றைய எடை என்று தவறாகப் படிப்பவர்கள் அதிகம். வாரம் ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். பிறகு உங்கள் கையையே பாருங்கள். முஷ்டியை மடக்கி முட்டிகளைத் தடவினால் வருவது மெலிந்த நாயின் விலா. கையை நீட்டிப் புறங்கையைத் தடவினால் வருவது சரியான விலா. உள்ளங்கையைத் தடவுவதுபோல் இருந்தால் உணவைக் குறைக்க வேண்டும்.

தயிர்சாதம் கலப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிடி கலந்தால் ஒன்றும் ஆகாது. பாதிக்குப் பாதி கலந்தால் பையில் போட்டிருக்கும் எந்தக் கணக்கும் செல்லாது. வெறும் சோறும் கோழி ஈரலும் தின்று வளர்ந்த குட்டிகளையும் பார்க்கிறேன். ஈரலிலும் இறைச்சியிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறிந்துவிடும். அங்கே கால்சியம் தேவைதான், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். முழுமையான பப்பி உணவு உண்ணும் குட்டிக்குத் தேவையில்லை.

திறந்த மூட்டையிலிருந்து அள்ளி எடைக்கு விற்கும் உணவை வாங்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். தயாரித்த தேதியும் தெரியாது.

அந்த லாப்ரடாருக்கு ஓய்வும் வலி மருந்தும் கொடுத்து, தூளையும் டானிக்கையும் நிறுத்தி, உணவை அளந்து போடச் சொன்னேன். பத்து வாரத்தில் நொண்டல் நின்றது. சென்ற மாதம் தடுப்பூசிக்கு வந்தபோது மூன்று படியையும் ஒரே தாவலில் ஏறிவிட்டது. வீட்டில் அரைத்து வைத்திருந்த ஒரு டப்பா முட்டை ஓட்டுத் தூள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மாடியில் இருக்கும் ரோஜாத் தொட்டிகளுக்குப் போகிறதாம். "அதற்காவது அளவு உண்டா, டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.