மோபீலில் மதியத்துக்கு மேல் மழை

அமெரிக்காவில் மழைக்குப் பேர்போன ஊர் எது என்றால் பலரும் சியாட்டில் என்பார்கள். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ.தான். அலபாமா மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய மோபீல் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 1,600 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. (ஆங்கிலத்தில் எழுதினால் கைப்பேசியின் அதே எழுத்துகள்தான், உச்சரிப்பு மட்டும் மோபீல்.) சியாட்டிலில் நாளெல்லாம் தூறல். இங்கே ஒரு மணி நேரம் அடித்துப் பெய்துவிட்டு மறுபடி வெயில்.

முதலில் புழுக்கத்தைப் பார்ப்போம். ஜூலையில் வளைகுடா நீரின் வெப்பம் 29, 30 டிகிரி செல்சியஸ். அட்லாண்டிக்கில் நிலைகொள்ளும், காற்றழுத்தம் கூடிய பகுதியான பெர்முடா உயர் அழுத்தத்தைச் சுற்றி வலஞ்சுழியாக வீசும் காற்று, அந்த நீரின் மேல் தவழ்ந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு தெற்கிலிருந்து கரையேறுகிறது.

வானிலை அறிக்கையில் காலையில் ஈரப்பதம் 90 சதவீதம், மதியம் 60 என்று இருக்கும். மதியம் காற்று காய்ந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்தோம். காற்றில் உள்ள நீராவி அப்படியேதான் இருக்கிறது. சூடேறிய காற்றில் இன்னும் அதிக நீராவிக்கு இடம் உண்டு என்பதால் சதவீதம் மட்டும் இறங்குகிறது. அதனால் பனிநிலையைப் பார்ப்பதே மேல். எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. மோபீலில் கோடையில் அது 23, 24 டிகிரியில் நிற்கும். ஒரு கனமீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி! வியர்வை எப்படி உலரும்? இரவிலும் வெப்பம் 23 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்குகிறது.

சரி, இந்த ஈரம் ஏன் மதியத்துக்கு மேல் மழையாகிறது? வெயிலில் தரை சீக்கிரம் சூடேறுகிறது, கடல் மெதுவாக. தரைமேல் உள்ள காற்று லேசாகி எழ, அந்த இடத்தைப் பிடிக்கக் கடற்காற்று உள்ளே நுழைகிறது. கனமான அந்தக் காற்று, முன்னால் இருக்கும் சூடான காற்றின் அடியில் ஆப்புபோல் புகுந்து அதை மேலே நெம்புகிறது. மேலே போனால் குளிர்ச்சி, நீராவி மேகமாகிறது. அப்படி மேகமாகும்போது வெளிவரும் வெப்பம் காற்றை இன்னும் உயரத் தள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் இடிமேகம். போதாததற்கு மோபீல் விரிகுடாவும் தன் பங்குக்கு ஒரு காற்றை அனுப்பும். இரண்டும் மோதும் இடத்தில் மழை இன்னும் வலுக்கும்.

புயல்களும் உண்டு. 1979 செப்டம்பரில் ஃபிரெடரிக் சூறாவளி, இந்தக் கவுன்ட்டியைச் சேர்ந்த டாஃபின் தீவுக்குச் செல்லும் பாலத்தையே உடைத்துப் போட்டது.

குளிர்காலம் பொதுவாக இதமானது. ஆனால் கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றை மறிக்க வழியில் குறுக்கே மலைத்தொடர் கிடையாது. 2025 ஜனவரி 21 அன்று அப்படி இறங்கிய குளிர், வளைகுடாவின் ஈரத்தோடு சேர்ந்தது. மோபீலில் ஒரே நாளில் ஏறத்தாழ 19 செ.மீ. பனி பெய்து கிடந்தது.