கறுப்புத் திரை எல்லாம் கோளாறு இல்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை. சாப்பிடப் போகலாம் என்று ஷட்டரைப் பாதி இறக்கியபோது, காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கிற அண்ணன் ஒருவர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். "படம் போட்டா சத்தம் வருது தம்பி, திரை மட்டும் கறுப்பா கீது. யூடியூப்ல போட்டா நல்லாத்தான் ஓடுது." ஏற்கெனவே வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று சொல்லி 6,000 ரூபாய்க்குப் புதுக் கார்டு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். புதுக் கார்டிலும் அதே கறுப்பு.

என் மேசை மானிட்டரில் நேராகச் செருகி, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அவர் சந்தா கட்டும் தளத்தையே திறந்தேன். படம் பளிச்சென்று ஓடியது. "வீட்டுல எப்படிண்ணே கனெக்‌ஷன்?" என்று கேட்டேன். கீழே கடையில் ஒரு மானிட்டர், மாடியில் டிவி, நடுவில் ஒரே படத்தை இரண்டு திரைக்கும் பிரித்து அனுப்பும் ஒரு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர். 400 ரூபாய் டப்பா. அதைக் கழற்றச் சொன்னேன். சாயங்காலம் போன் வந்தது: "வேலை செய்யுது. அப்போ அந்த ஆறாயிரம்?" என்ன சொல்ல?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் 18 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இந்த மாதிரிக் கேஸ் இப்போது அடிக்கடி வருகிறது. இதில் பழுது எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் வேண்டுமென்றேதான் படத்தை மறைக்கிறது.

எச்டிசிபி என்று ஒரு பூட்டு இருக்கிறது. இன்டெல் உருவாக்கியது. காசு கட்டிப் பார்க்கும் படத்தைத் திறந்ததும், கிராபிக்ஸ் கார்டு கேபிளின் மறுமுனையில் இருக்கும் திரையிடம் 'நீ யார், உன்னிடம் சாவி இருக்கிறதா' என்று விசாரிக்கும். நடுவில் இருக்கும் டப்பாவும் அந்த விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாத டப்பா என்றால், அதன் வழியாக யாரோ படத்தைப் பதிவு செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் போன்ற இயங்குதளம் திரையை அணைத்துவிடும், அல்லது தரத்தைக் குறைத்துவிடும். 4கே படத்துக்கு எச்டிசிபி 2.2 வேண்டும். பழைய 4கே டிவிகள் சிலவற்றில் ஒன்றிரண்டு போர்ட் மட்டுமே அதை ஏற்கும். கேபிளைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றிச் செருகியே நான் பல 'ரிப்பேர்' செய்திருக்கிறேன். அதற்குக் காசு வாங்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இந்தக் காவல் வேலை இயங்குதளத்துக்குள் முழுசாகக் குடியேறியது விண்டோஸ் விஸ்டாவில். 2007 ஜனவரியில் அது கடைக்கு வருவதற்கு முன்பே, 2006 டிசம்பரில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். படக் கம்பெனிகளின் பூட்டுக்காக டிரைவர் (கார்டு போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்) எழுதுபவர், கார்டு செய்பவர், கடைசியில் கம்ப்யூட்டர் வாங்குபவர் என எல்லோரும் செலவைச் சுமக்க வேண்டும், மெஷினின் நிலைத்தன்மையும் கெடும் என்பது அவர் வாதம். பூட்டு போட்ட படத்தை ஓட்டும்போது மட்டும்தான் இதெல்லாம் வேலை செய்யும், மற்ற நேரத்தில் உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்றது மைக்ரோசாப்ட்.

இத்தனை வருடம் கழித்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. கட்மன் பயந்த அளவுக்கு மெஷின்கள் சாகவில்லை. விஸ்டா தடுமாறியதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் செலவு யார் தலையில் விழும் என்று அவர் சொன்னது பலித்துவிட்டது. காசிமேட்டு அண்ணனின் 6,000 ரூபாய் அந்தக் கணக்கில்தான் வரும்.

பூட்டு போடுகிறவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் புதுப்பட விசிடி எப்படி விற்றது என்று வடசென்னைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் திருட்டுக் காப்பியில் பூட்டே இருக்காது. அது எந்த ஸ்பிளிட்டரிலும் ஓடும். சந்தா கட்டியவருக்குத்தான் கறுப்புத் திரை.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. 2005இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில பாட்டு சிடிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பித் தடுப்பு மென்பொருள் ஒன்று விண்டோஸின் அடிமட்டம் வரை போய் ஒளிந்துகொள்ளும். மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் தன் சொந்த மெஷினில் அதைக் கண்டுபிடித்தார். '$' குறிகளுடன் ஒரு குறிப்பிட்ட பெயரில் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். வைரஸ் எழுதுகிறவர்கள் அதையே தங்களுக்கு மறைவிடமாக்கிக்கொண்டார்கள். கம்பெனி சிடிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

பழைய கேம் டிஸ்க்குகளின் கதையும் இதுதான். சேஃப்டிஸ்க் என்ற பூட்டுக்கு விண்டோஸிலேயே ஒரு டிரைவர் இருந்தது. அந்த டிரைவரில் 2007இல் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அதை மைக்ரோசாப்ட் சேர்க்கவே இல்லை. அதே வருடம் செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அணைத்துவிட்டது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க்குகள் ஒரே நாளில் வெறும் தட்டாகிவிட்டன.

அப்புறம் என்ன நடக்கும்? அப்படிப்பட்ட டிஸ்க் வைத்திருப்பவர் இணையத்தில் பூட்டை உடைக்கும் 'கிராக்' தேடுவார். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதை ஓட்டு என்று அங்கே எழுதியிருக்கும். அணைப்பார். மறுவாரம் என் கடையில் நிற்பார். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டு மொத்தமும் போயிருக்கும். சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. 2012 திருத்தத்தில் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 வருடம் வரை சிறை, அபராதம். அமெரிக்காவின் 1998 சட்டத்தைவிட இது கொஞ்சம் இளகியது, நோக்கத்தைப் பார்க்கிறது. ஆனால் நான் வக்கீல் இல்லை. கிராக் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

செலவு செய்வதற்கு முன் இதை மட்டும் பார்த்துவிடுங்கள். யூடியூப் ஓடுகிறது, சந்தா தளம் மட்டும் கறுப்பு, சத்தம் வருகிறது என்றால் கார்டு போகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்பிளிட்டர், கன்வெர்ட்டர், பழைய கேபிள் என நடுவில் இருப்பதையெல்லாம் கழற்றி நேராகச் செருகுங்கள். லேப்டாப் என்றால் அதன் சொந்தத் திரையில் ஓடுகிறதா பாருங்கள். பிரவுசரை மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் நெட்பிளிக்ஸ் 4கே எட்ஜில் வரும், லினக்ஸில் வராது. அது உங்கள் லேப்டாப்பின் குறை இல்லை. தூரத்திலிருந்தே உங்கள் திரையைப் பார்க்க உதவும் எனிடெஸ்க்கில் வந்து பாருங்கள் என்று கூப்பிடுவதிலும் பயனில்லை. உங்களுக்கு ஓடும் படமும் எனக்கு அங்கே கறுப்பாகவே தெரியும்.

டிஸ்க் பூட்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் என் கடைக்கு வந்தார். தண்டையார்பேட்டைக்காரர். கல்லூரியில் படிக்கும்போது பணம் சேர்த்து வாங்கிய கார் ரேஸ் கேம். மகனுக்குக் காட்ட வேண்டும் என்று கீறல் இல்லாமல், உறையோடு கொண்டுவந்தார். விண்டோஸ் 10 லேப்டாப்பில் அசையவே இல்லை. மாடியில் பழைய பென்டியம் மெஷின் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. அதில் அவர் பழைய பெட்டியோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பி டிஸ்க்கையே போட்டு, ரேம் குச்சியை ரப்பரால் தேய்த்துச் செருகி, அவர் டிஸ்க்கை வைத்தேன். சீரியல் எண் கேட்டது. உறையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தார். பெட்டியை 1,200 ரூபாய்க்குக் கொடுத்தேன். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை, அதனால் நெட் ஒயரை மட்டும் இதில் செருகவே கூடாது என்று போர்ட்டின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டித்தான் அனுப்பினேன்.