முடிவு தெரிந்த காதல் கதை ஏன் அலுப்பதில்லை?

கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கனமான புத்தகம் எதையும் கையில் எடுக்கத் தோன்றாது. மாத நாவலோ, பலமுறை பார்த்த காதல் காமெடிப் படமோ என்றால் சரி. சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி உடம்பும் மூளையும் சம்பந்தப்பட்டது.

முதலில் வெயில். 2016 கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெப்ப அலை வீசியது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 44 கல்லூரி மாணவர்களைக் காலையில் எழுந்ததும் செல்போனில் சின்னச் சின்னக் கணக்குகளும் கவனச் சோதனைகளும் செய்யச் சொன்னார்கள். ஏசி இல்லாத விடுதியில் தூங்கியவர்கள் கவனச் சோதனையில் பதில் சொல்ல, ஏசி அறைக்காரர்களைவிட ஏறத்தாழ 13 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் எல்லோரும் ஆரோக்கியமான இளைஞர்கள். புழுக்கத்தில் கவனத்தைக் கட்டி நிறுத்துவது சிரமம் என்பது நமக்குத் தெரியாததல்ல. இங்கே அதற்கு ஓர் அளவு கிடைத்தது.

இப்போது வாசிப்புக்கு வருவோம். கண் வரியின் மேல் சீராக நகர்வதாகத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவித்தான் போகிறது. ஓர் இடத்தில் கால் நொடி அளவுக்கு நிற்கும், அப்புறம் அடுத்த இடத்துக்குத் தாவும். அடுத்து வரப்போகும் சொல்லை ஊகிக்க முடிந்தால் அங்கே நிற்கும் நேரம் குறையும். சில சமயம் அந்தச் சொல்லில் நிற்காமலே கண் தாண்டிவிடும்.

மூளையிலும் இதன் தடயத்தைப் பார்க்கலாம். 'இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி வைத்தாள்' என்று படிக்கும்போது ஒன்றும் ஆகாது. சட்னிக்குப் பதில் 'சாவி வைத்தாள்' என்று வந்தால், அந்தச் சொல்லைப் பார்த்த 400 மில்லிநொடி வாக்கில் மூளையலைப் பதிவில் ஓர் அலை பெரிதாக எழும். மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்ற இருவர் 1980-ல் இதைக் கண்டு சொன்னார்கள். என்400 என்பது அதன் பெயர். எதிர்பார்த்த சொல் வந்தால் அலை சிறிது. சொல்லின் பொருளை வாக்கியத்தோடு சேர்க்க மூளைக்கு அவ்வளவு பாடு இல்லை என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

லேசான காதல் கதை இந்தச் சலுகையை எல்லா மட்டத்திலும் கொடுக்கிறது. சொல் பழகியது, வாக்கியம் சின்னது, கதையின் போக்கும் தெரிந்தது. முதல் அத்தியாயத்தில் பஸ் சீட்டுக்காக அவளோடு சண்டை போட்டவன்தான் கடைசியில் தாலி கட்டப்போகிறான். யார் எவர், எது எதற்கு என்று நினைவில் தாங்க வேண்டியது குறைவு. மிச்சமாகும் கவனம் முழுக்க அவள் என்ன பதில் கொடுத்தாள், அவன் முகம் எப்படிப் போனது என்பதில் போய் விழுகிறது. இந்த வகைக் கதையின் உயிரே அந்த இடக்கு மடக்குப் பேச்சில்தானே!

அப்படியானால் லேசான புத்தகம் படிக்கும்போது மூளை ஓய்வெடுக்கிறதா? இல்லை. தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல், மகிழ்ச்சிக்காகவே படிக்கும் ஆட்களை ஆய்வகத்தில் உட்காரவைத்து, இதயத் துடிப்பு, தசை இறுக்கம் போன்றவற்றை அளந்தார். 1988-ல் வெளியான அவருடைய முடிவுகள்படி, கண்ணை மூடிச் சும்மா இருக்கும் நேரத்தைவிடப் படிக்கும்போது உடம்பு அதிக விழிப்போடு இருந்தது. படிப்பவருக்கோ அலுங்காமல் குலுங்காமல் இருப்பதாகவே தோன்றியது. இன்னொன்றும் தெரியவந்தது. மிகவும் பிடித்த பக்கங்களை வாசகர்கள் வேகமாகப் புரட்டவில்லை. அங்கேதான் வேகத்தைக் குறைத்தார்கள்.

அடுத்தது அந்தப் பிரிவுக் காட்சி. எந்தக் காதல் காமெடியிலும் முக்கால்வாசிப் படம் போனதும் ஒரு தவறான புரிதல் வரும். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போவாள். அவன் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வான். சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தும் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்கிறது. டால்ஃப் ஜில்மன் என்ற ஊடக உளவியலாளரின் விளக்கம் இது: மனம் ஒரு நொடியில் கவலையிலிருந்து சந்தோஷத்துக்கு மாறிவிடும், உடம்பு அத்தனை சீக்கிரம் மாறாது. கிளம்பிவிட்ட படபடப்பு அடங்கச் சில நிமிஷமாவது ஆகும். ரயில் கிளம்பாமல் அவள் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தால், மிச்சமிருக்கும் அந்தப் படபடப்பு சந்தோஷத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. பிரிவுக் காட்சி இல்லாத படம் சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இயக்குநர்கள் இந்தக் கோட்பாட்டைப் படித்திருக்க வேண்டியதில்லை, தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

முடிவு முன்கூட்டியே தெரிந்தால் சுவை கெடாதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜோனதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டு இருவரும் 12 சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். துப்பறியும் கதை உட்பட, முடிவு தெரிந்து படித்தவர்களே சராசரியில் கொஞ்சம் அதிகம் ரசித்தார்கள். 2011-ல் இது வெளியானபோது பலருக்கு ஆச்சரியம். பின்னால் வேறு சிலர் செய்த ஆய்வுகளில் இதற்கு நேர்மாறான முடிவும் வந்தது, ஆகவே இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொண்டு கொலைக் கதையில் கொலைகாரன் யார் என்று நண்பர்களிடம் சொல்லிவைக்காதீர்கள். காதல் காமெடிக்கு அந்தப் பயம் இல்லை. அதன் போஸ்டரே முடிவைச் சொல்லிவிடுகிறது.

இந்த மருந்து எல்லா நேரத்திலும் வேலை செய்யாது. 1984-ல் ஜில்மனும் ஜென்னிங்ஸ் பிரையன்ட்டும் ஒரு குழுவுக்குச் சலிப்பூட்டும் வேலையும் இன்னொரு குழுவுக்குத் தலையைக் குடையும் தேர்வும் கொடுத்தார்கள். அப்புறம் டிவி பார்க்கவிட்டார்கள். சலித்தவர்கள் அமைதியான நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பரபரப்பானதைத் தேடினார்கள். தேர்வு எழுதிக் களைத்தவர்கள் அவர்களைவிட எவ்வளவோ அதிக நேரம் அமைதியான நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள். கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் தேன்போல இறங்கும் காதல் நாவல் ஐந்தாவது வாரத்தில் கொட்டாவி வரவைப்பதும், கை தானாகப் பேய்க் கதைப் பக்கம் போவதும் இதனால் இருக்கலாம்.

இன்னொரு பக்கவிளைவு மறதி. வாக்கியத்தின் சொற்கள் சில நொடிகளிலேயே நினைவிலிருந்து நழுவுகின்றன, சாரம்தான் தங்குகிறது. சாரமே பத்துக் கதைகளுக்கு ஒன்றாக இருந்தால் ஒன்றின் நினைவு இன்னொன்றின் நினைவோடு முட்டிக்கொள்ளும். எந்த அரவிந்த் எந்தக் கதையில் டாக்டர், எதில் எஸ்டேட் முதலாளி என்பது குழம்பிவிடும். பழைய புத்தகக் கடையில் ஏற்கெனவே படித்த நாவலையே வாங்கிவந்து, நாற்பதாம் பக்கத்தில் நாயகி தோசை கருகவிடும்போது சந்தேகம் வந்து, இருந்தாலும் கீழே வைக்காமல் முடிக்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இருக்கிறார்கள்.